வண்டிக்கு வழி சொல்லும் எறும்பு

நம் சங்கத்தின் மாத இதழ் அச்சகத்திலிருந்து வந்து சேர்ந்ததும், அதனை உறுப்பினர் இல்லந்தோறும் கொண்டுசேர்க்கும் பணி தொடங்கிவிடுகிறது. தபாலில் செல்வன போக, செகந்திராபாத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள இருபத்திரண்டு இல்லங்களுக்கு இதழைக் கையோடு கொண்டுபோய்க் கொடுப்பது நமது நெடுநாள் வழக்கம். அவற்றுட் பல, மக்கள் வெளிநாடு சென்றுவிட, முதியோர் தனித்து வாழும் இல்லங்கள். இதழைக் கொடுப்பதோடு அவர்களை நலம் விசாரித்து வரவும் வாய்ப்புக் கிடைக்கும் என்பதே இவ்வழக்கத்தின் கருத்தாகும்.

சென்ற ஆண்டு மே மாதத்தில் இப்பணிக்கு முன்வந்த கல்லூரி மாணவர் ஒருவருக்கு நாமே காகிதத்தில் வழி வரைந்து கொடுத்தோம். நகரப் படத்தை மேசைமேல் விரித்து, அளவுகோல் கொண்டு அளந்து, மாரேட்பள்ளியில் தொடங்கி, மல்காஜ்கிரி, தார்நாகா, பத்மாராவ் நகர் எனச் சுற்றி மீளும் வழிகளுள் மிகக் குறுகியது எதுவோ அதனையே தெரிந்தெடுத்தோம். காலை பத்து மணிக்கு முன் சென்றால் இல்லத்தாருக்கு இடையூறாகும் என்று நாமாகவே எண்ணிப் பத்து மணிக்குமேல் அனுப்பினோம். பிற்பகல் மூன்று மணிக்கு அம்மாணவர் திரும்பியபோது முகம் கன்றிச் சிவந்திருந்தது, பேச நா எழவில்லை, வாசற்படியிலேயே அமர்ந்துவிட்டார். மோரும் தண்ணீரும் கொடுத்து, மின்விசிறியின் கீழ்ப் படுக்க வைத்தோம். சற்றுத் தெளிந்தபின் அவர் சொன்னது இதுதான்: "தூரம் குறைவுதான் ஐயா, வெயில்தான் அதிகம்."

அத்தம்பி இரண்டு நாள் படுக்கையில் இருந்தார். நாம் வரைந்த வழி கணக்கின்படி பிழையற்றது. ஆயினும் அது தவறான வழி. பிழையற்ற கணக்கு எங்ஙனம் தவறான வழியாயிற்று என்னும் வினா நம்மை விட்டு நீங்கவில்லை. அதனைத் தொடர்ந்து சென்றபோது, நாம் விளையாட்டாகக் கையாண்ட இச்சிக்கல் அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக உலகத்துக் கணித அறிஞரை மயங்கவைத்த பெருஞ்சிக்கல் என்பதும், அதற்கு விடைகாண அவர்கள் எறும்பிடமே பாடம் கேட்டனர் என்பதும் தெரியவந்தன. அதனை நம் வாசகரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இருபது வீட்டுக் கணக்கு

ஒரு வண்டி, இருபது வீடுகள். எதனை முதலில், எதனை அடுத்து என்று வரிசைப்படுத்த வேண்டும், அவ்வளவே. சிறு பிள்ளையும் செய்துவிடும் என்றே தோன்றும். ஆனால் எண்ணிப் பாருங்கள். மூன்று வீடுகளாயின் ஆறு வரிசைகள். ஐந்தாயின் 120. பத்தாயின் 36 லட்சத்துக்கும் மேல். பதினைந்தாயின் ஒரு லட்சத்து முப்பதாயிரம் கோடி. இருபது வீடுகளுக்குரிய வரிசைகளை, நொடிக்கு நூறு கோடி வீதம் ஒரு கணிப்பொறி இராப்பகலாகச் சோதித்தாலும், சோதித்து முடிக்க 77 ஆண்டுகள் ஆகும்.

கணிப்பொறிகளைப் பெருக்கினால் என்ன என்று கேட்கலாம். ஆயிரம் கணிப்பொறிகளை ஒருசேர இயக்கினால் அந்த 77 ஆண்டு ஒரு மாதத்துக்குள் அடங்கிவிடும். மகிழ்ச்சிதான். ஆனால் இருபது வீடுகளோடு இன்னும் இரண்டே வீடுகளைச் சேர்த்து, நம் இதழ் செல்லும் இருபத்திரண்டு இல்லங்களாக ஆக்கிவிட்டால், அதே ஆயிரம் கணிப்பொறிகளுக்கும் 35 ஆண்டுகள் தேவைப்படும்! இயந்திரத்தின் வலிமை ஒன்று, இரண்டு என்று ஏறுகையில் சிக்கலின் அளவு மலைபோல் எழுந்து நிற்கிறது. வெறும் வலிமையால் வெல்லத்தக்க பகை அன்று இது.

மேலும் நம் இதழுக்கு ஒருவர் சென்றால் போதும். உண்மை வாழ்விலோ பல வண்டிகள் உண்டு. ஒவ்வொன்றும் இவ்வளவுதான் சுமக்கும் என்னும் அளவு உண்டு. இந்த வீட்டுக்கு இத்தனை மணிக்குள் சேர வேண்டும் என்னும் நேர வரம்பும் உண்டு. இத்தகைய சிக்கலை முதன்முதல் கணித வடிவில் எடுத்துரைத்தவர்கள் ஜார்ஜ் டான்ட்சிக், ஜான் ராம்சர் என்னும் இருவர். 1959 ஆம் ஆண்டில் அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் பெட்ரோல் வண்டிகள். ஒரு கிடங்கிலிருந்து பல விற்பனை நிலையங்களுக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் வண்டிகள் எவ்வாறு பிரிந்து சென்றால் மொத்தத் தூரம் குறையும் என்று ஆராய்ந்தனர்.

1964 இல் கிளார்க், ரைட் என்னும் இருவர் எளிய முறையொன்றைக் கண்டனர். கிடங்கிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் இரு வீடுகள் உள்ளன. அவற்றுக்கிடையே இரண்டு கிலோமீட்டர்தான் என்று கொள்வோம். தனித்தனியே சென்று வந்தால் 32 கிலோமீட்டர். ஒரே பயணத்தில் இரண்டையும் முடித்தால் 18. மிச்சம் 14. எந்த இரண்டை இணைத்தால் மிச்சம் மிகுதியோ, அதனை முதலில் இணைத்துக்கொண்டே போவது அவர்களது முறை. சிக்கனமறிந்த குடும்பத் தலைவி கடைத்தெருவுக்குச் செல்லும் முறையும் இதுவே அன்றோ! விரைவில் நல்ல விடை தரும் முறைதான். எனினும் ஒருமுறை இணைத்ததைப் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. தொடக்கத்திற் செய்த சிறு தவறு இறுதிவரை தொடரும்.

பிரசெல்ஸ் நகரத்து எறும்புகள்

வாசலில் அரிசி மாவினாற் கோலமிடுவது எறும்புக்கு உணவாகவே என்று நம் பாட்டிமார் சொல்வர். அக்கோலத்தின் ஓரத்தில் எறும்புச் சாரி செல்வதை நின்று பார்த்தவர் எத்தனையோ பேர். அதனை அளந்து பார்த்தவர் பெல்ஜியம் நாட்டுப் பிரசெல்ஸ் பல்கலைக்கழக அறிஞர்கள்.

ஜீன் லூயி தெனபூர், சைமன் காஸ் முதலிய அவ்வறிஞர்கள் 1989-90 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட சோதனை புகழ்பெற்றது. எறும்புப் புற்றுக்கும் உணவுக்கும் இடையே ஒரு பாலம் அமைத்தனர். அப்பாலம் நடுவில் இரு கிளைகளாகப் பிரிந்து மீண்டும் கூடும். ஒரு கிளை மற்றதைப் போல் இருமடங்கு நீளமுடையது. தொடக்கத்தில் எறும்புகள் எக்கிளை குறுகியது என்று அறியாமல் இரண்டிலும் சென்றன. சிறிது நேரத்துக்குள் பெரும்பாலான எறும்புகள் குறுகிய கிளையிலேயே செல்லலாயின. அளவுகோலும் இல்லை, ஆணையிடும் தலைவனும் இல்லை. பின் எவ்வாறு நிகழ்ந்தது இது?

எறும்பு செல்லும் வழியெல்லாம் பெரமோன் எனப்படும் மணப்பொருளைச் சிறிது சிறிதாக இட்டுச் செல்கிறது. பின்வரும் எறும்பு மணம் மிகுந்த பக்கமே திரும்ப விழைகிறது. குறுகிய கிளையிற் சென்ற எறும்பு விரைவில் உணவை அடைந்து விரைவில் திரும்புகிறது. ஆகவே அக்கிளையில் மணம் முந்திச் சேர்கிறது. மணம் மிகவே எறும்பு மிகும். எறும்பு மிகவே மணம் மிகும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது பழமொழி. எறும்பு ஊர ஊர வழியும் தேர்ந்துவிடுகிறது என்பது இச்சோதனை கண்ட உண்மை.

இத்தாலி நாட்டு மிலான் நகரில் ஆராய்ச்சி மாணவராயிருந்த மார்க்கோ டோரிகோ இவ்வுண்மையைக் கணிப்பொறிக்குள் கொண்டுசென்றார். 1992 இல் அவர் அளித்த ஆய்வேட்டில் உருவானதே எறும்புக் கூட்ட முறை. அதன் நடைமுறை எளியது. கணிப்பொறியின் நினைவகத்தில் நூறு கற்பனை எறும்புகளை விடுகின்றனர். ஒவ்வோர் எறும்பும் எல்லா வீடுகளையும் ஒருமுறை சுற்றி வர வேண்டும். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அது இரண்டைப் பார்க்கிறது: எது அருகில் உள்ளது, எவ்வழியில் மணம் மிகுதி. இவ்விரண்டையும் கொண்டு குலுக்கல் முறையில் ஒரு வீட்டைத் தெரிந்தெடுக்கிறது. குலுக்கல் என்பதனால், மணம் குறைந்த வழியையும் யாரேனும் ஓர் எறும்பு எப்போதேனும் முயன்று பார்க்கும். சுற்றி முடிந்ததும், குறைந்த தூரம் சென்ற எறும்பின் வழியில் மிகுந்த மணமும், வளைந்து சுற்றிய எறும்பின் வழியில் குறைந்த மணமும் இடப்படுகின்றன. பின்பு அடுத்த சுற்று. இப்படி நூற்றுக்கணக்கான சுற்றுக்களில் நல்ல வழி மெல்ல மெல்லத் துலங்குகிறது.

இயற்கையினிடம் கடன் வாங்கிய முறை இது ஒன்று மட்டுமன்று. உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாகத் திருந்தும் வகையைப் பின்பற்றி, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஜான் ஹாலண்ட் 1975 இல் மரபு வழிமுறையை நூலாக வெளியிட்டார். அதில் இரு நல்ல வழிகள் தாய் தந்தையாக நின்று புதிய வழியொன்றைப் பெறுகின்றன. காய்ச்சிய உலோகம் மெல்ல ஆறி இறுகுவதைப் பின்பற்றிய முறை 1983 இலும், பறவைக் கூட்டத்தைப் பின்பற்றிய முறை 1995 இலும் தோன்றின.

மறக்கத் தெரிந்த எறும்பு

பிரசெல்ஸ் சோதனையில் இன்னொரு பகுதி உண்டு. நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது அதுவே. முதலில் நீண்ட கிளையை மட்டும் திறந்துவைத்து, அரைமணி நேரம் கழித்துக் குறுகிய கிளையை இணைத்தனர். எறும்புகள் புதிய குறுக்குவழிக்கு மாறின என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. பெரும்பாலும் பழைய நீண்ட வழியிலேயே சென்றன! அங்கே ஏற்கெனவே குவிந்திருந்த மணம் அவற்றைக் கட்டிப்போட்டுவிட்டது. அம்மணம் எளிதில் மறைவதன்று.

நம் நகரத்திலும் இதற்கு ஒப்பு உண்டு. துர்கம் செருவு ஏரியின் மேல் கம்பித் தொங்கு பாலம் 2020 செப்டம்பரில் திறக்கப்பட்டது. ஜூபிலி ஹில்ஸ் பக்கத்திலிருந்து மாதாப்பூர் செல்வோர்க்கு ஏரியைச் சுற்றும் தொல்லை அதனால் நீங்கிற்று. ஆயினும் கால் பழகிய வழியிலேயே வண்டியைத் திருப்பியோர் அந்நாட்களில் நம்மிடையே பலர். அப்பாலமும் தொடக்கத்தில் வார இறுதி நாட்களில் வேடிக்கை பார்ப்போருக்காக வண்டிகளுக்கு மூடப்பட்டது. வெள்ளிக்கிழமை நல்ல வழி, சனிக்கிழமை வழியே அன்று! செகந்திராபாத் கன்டோன்மென்ட் சாலைகள் மூடப்படுவதும் திறக்கப்படுவதும் ஆண்டுக்கணக்காக நாம் கண்ட செய்தி. 2020 அக்டோபர் பெருமழையில் தெருக்களே ஆறுகளாயின. மூசி ஆற்றைக் கடக்கப் பாலம் இருக்கும் இடத்துக்குத்தான் சென்றாக வேண்டும். படத்தின்மேல் அளவுகோல் காட்டும் தூரம் இந்நகரத்தில் எவ்வளவு பொய் சொல்லும் என்பதற்கு இவை சான்று.

ஆகவே கற்பனை எறும்புக்கு டோரிகோ ஒரு வரம் அளித்தார். அது மறதி. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லா வழிகளிலும் உள்ள மணத்தில் ஒரு பங்கு ஆவியாகிவிடும். மீண்டும் மீண்டும் பயன்படும் வழி மட்டுமே தன் மணத்தைக் காத்துக்கொள்ளும். நேற்றைய நல்வழி இன்று நல்வழி அன்றாயின், அது தானே மங்கி மறையும். முற்றும் மறந்தால் அனுபவத்தாற் பயனில்லை. ஒன்றும் மறவாவிட்டால் புதுவழிக்கு இடமில்லை. எவ்வளவு மறப்பது என்பதைத் தக்கவாறு அமைப்பதிலேதான் இம்முறையின் வெற்றி அடங்கியுள்ளது.

பலர் கூடித் தேடும் தேட்டம்

எறும்பு முறைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. நூறு எறும்புகளும் தனித்தனியே சுற்றுவதால், அவற்றை நூறு கணிப்பொறிகளுக்குப் பகிர்ந்து அளித்துவிடலாம். ஒரே வேலையைப் பல கணிப்பொறிகள் ஒரே நேரத்தில் பகிர்ந்து செய்வதை இணைக் கணிப்பு என்பர். நம் நாட்டில் இத்துறையில் உழைத்த நிறுவனங்களுள் ஒன்று 1988 இல் தோன்றிய சி-டாக். 1991 இல் அது உருவாக்கிய பரம் 8000 இவ்வகைக் கணிப்பொறியே.

இங்கேயும் ஓர் இடர் உண்டு. திருமணச் சமையலை எண்ணிப் பாருங்கள். பத்து மணி நேர வேலையில் ஒரு மணி நேர வேலை தலைமைச் சமையற்காரர் ஒருவரே செய்யத்தக்கது என்று கொள்வோம். மற்ற ஒன்பது மணி நேர வேலைக்கு ஊரையே அழைத்தாலும் அந்த ஒரு மணி நேரம் குறையாது. ஆகவே எத்தனை பேர் வந்தாலும் பத்து மடங்குக்கு மேல் விரைவு கூடாது. இதனை 1967 இல் எடுத்துக் காட்டியவர் ஜீன் ஆம்தால். நூறு எறும்புகளும் சுற்றுதோறும் ஒரே ஏட்டில் மணக்கணக்கு எழுத வரிசையில் நிற்குமாயின், கணிப்பொறிகளின் பொழுதெல்லாம் காத்திருப்பதிலேயே கழிந்துவிடும்.

இதற்குக் கண்ட வழி தீவு முறை. ஒவ்வொரு கணிப்பொறியும் ஒரு தீவு. ஒவ்வொரு தீவிலும் ஒரு கூட்டம் தன் போக்கில் வழி தேடும். எப்போதேனும் ஒருமுறை மட்டும், ஒரு தீவில் கண்ட சிறந்த வழிகளுட் சில அடுத்த தீவுக்குச் சென்று சேரும். சிதறி வாழும் சிறு கூட்டங்களிடையே நிகழும் இத்தகைய கலப்பினால் இனம் திருந்துவதை 1930 ஆம் ஆண்டுகளிலேயே எடுத்துரைத்தவர் உயிரியல் அறிஞர் சூவல் ரைட். கணிப்பொறி அறிஞர் இதற்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? குடிபெயர்வு!

அவர்கள் கண்ட விதியும் நம் போன்றோர் அறியத்தக்கது. குடிபெயர்வே இல்லையாயின், ஒவ்வொரு தீவும் தான் கண்ட நடுத்தர விடையையே உயர்ந்தது என்று எண்ணித் தேங்கிவிடும். குடிபெயர்வு ஓயாது நிகழ்ந்தாலோ, எல்லாத் தீவுகளும் ஒரே சாயலாகிப் புதுமை அற்றுப்போம். வந்தவர் கொண்டுவந்தது அழியாமலும், வந்த இடத்தின் தன்மை மாறாமலும், இடையிடையே சிறிது கலப்பு நிகழும்போதே விடை திருந்துகிறது. தெலுங்கும் உருதும் ஒலிக்கும் தெருவில் தமிழ் இதழ் ஒன்றைக் கையிலேந்தி வீடு தேடிச் செல்லும் நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

1999 இல் சுவிட்சர்லாந்து நாட்டு லுகானோ நகரத்துக் கம்பர்டெல்லாவும் அவர்தம் தோழரும் எறும்புகளை இரு கூட்டங்களாகப் பிரித்தனர். ஒரு கூட்டம் வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்க முயலும். மற்றது பயண நேரத்தைக் குறைக்க முயலும். தாம் கண்ட சிறந்த விடையை இரண்டும் பகிர்ந்துகொள்ளும். நேர வரம்புடைய வண்டிச் சிக்கலில் அக்காலத்தே அறியப்பட்டவற்றினும் சிறந்த விடைகள் சிலவற்றை அம்முறை கண்டது.

எறும்பு முறை எல்லாவற்றிலும் மேம்பட்டது என்று கூறுதல் மிகையாகும். ஒரே வண்டி சுற்றும் சிக்கலில் கணித அறிஞர்கள் தம் முறையாலேயே 85,900 இடங்களுக்குரிய மிகக் குறுகிய வழியை 2006 இல் ஐயத்துக்கு இடமின்றிக் கண்டுவிட்டனர். எறும்பு முறையோ, தான் கண்டது மிகச் சிறந்தது என்று உறுதி கூறாது. நல்லது என்று மட்டுமே கூறும். ஆயினும் பல வண்டியும் நேர வரம்பும் சேர்ந்து, சாலையும் நாளுக்கு நாள் மாறும் இடத்தில், காலையில் வண்டி புறப்படுமுன் நல்ல விடை வேண்டுமல்லவா? நாளை வரும் சிறந்த விடையினும் இன்று கிடைக்கும் நல்ல விடை மேல்.

தராசில் வையாத பொருள்

இணைக் கணிப்புத் துறையின் பெரிய உலக மாநாடுகளுள் ஒன்று 2015 மே 25 முதல் 29 வரை நம் ஹைதராபாத்திலேயே நடைபெற்றது. அதன் கிளைக் கூட்டங்களுள் ஒன்று, இயற்கையைப் பின்பற்றிக் கணிப்பைப் பகிரும் முறைகளுக்கென்றே அமைந்தது. பல நாட்டு அறிஞர்களும் மாநாட்டு மாளிகையின் குளிர்ந்த அரங்குகளில் அமர்ந்து ஆராய்ந்தனர். அதே மே மாதக் கடைசியில்தான் கொடிய வெப்ப அலை நம் நாட்டைத் தாக்கிற்று. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் வாழ்ந்தோர்.

அறிஞர்மீது குறை கூற இதனை நாம் நினைவூட்டவில்லை. கணக்கின் இயல்பை உணர்த்தவே நினைவூட்டுகிறோம். எறும்பு முறையாயினும் மரபு வழிமுறையாயினும், எதனைக் குறைக்க வேண்டும் என்று நாம் சொல்கிறோமோ அதனையே அது குறைக்கும். தூரத்தைக் குறை என்றால் தூரத்தைக் குறைக்கும். நேரத்தைக் குறை என்றால் நேரத்தைக் குறைக்கும். வெயிலைப் பற்றி நாம் வாய் திறவாவிட்டால், வெயில் என்று ஒன்று உண்டு என்பதே அதற்குத் தெரியாது. தராசில் வையாத பொருளுக்கு எடை இல்லை. நம் அளவுகோற் கணக்குச் செய்த தவறும் இதுவே. நாம் வழியை அளந்தோம். வழியிற் செல்பவரை அளக்க மறந்தோம்.

வழியிற் செல்பவர் இன்று சிலரல்லர். 2022 இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை, கைபேசிச் செயலி முதலியவற்றின் வழியே நாள்தோறும் சிறுசிறு பணி ஏற்று உழைப்போர் 2020-21 இல் 77 லட்சம் பேர் என்றும், 2029-30 இல் 2.35 கோடியாக உயர்வர் என்றும் மதிப்பிட்டது. உணவும் மருந்தும் துணியும் கொண்டு நம் வாசலுக்கு வரும் இளைஞர் பலர் இவ்வகையினர். அவருட் பலர் நம்மைப் போலவே பிறந்த ஊரை விட்டு வந்தவர்.

வெயிலையும் களைப்பையும் கணக்கில் சேர்க்க இயலாதா? நன்றாக இயலும். நண்பகல் வேளைக்குரிய வழிகளுக்குச் செலவைக் கூட்டி எழுதிவிட்டால், எறும்புகள் தாமே அவற்றை விட்டு விலகும். இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு என்பதை மீறலாகாத விதியாகவும் எழுதலாம். ஐரோப்பிய நாடுகளில் பெருஞ்சரக்கு வண்டி ஓட்டுபவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கொள்ள வேண்டும் என்று 2006 ஆம் ஆண்டின் விதி கூறுகிறது. அவ்விதி பிறந்தபின், அங்கே வண்டிக்கு வழி வகுக்கும் கணக்குகளில் அந்த ஓய்வும் ஒரு நிபந்தனையாகச் சேர்ந்துவிட்டது. கணிப்பொறி அதனை எதிர்த்து முணுமுணுப்பதில்லை. மனிதர் துணிந்து எழுதினால் இயந்திரம் பணிந்து நடக்கிறது; அவ்வளவே.

நம் நாட்டிலும் தொடக்கம் ஏற்பட்டுள்ளது. இவ்வகை உழைப்பாளரைச் சட்டத்தில் முதன்முதல் பெயர்சொல்லிக் குறித்தது 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. அது 2025 நவம்பர் 21 இல் நடைமுறைக்கு வந்தது. மாநிலங்களுள் ராஜஸ்தான் 2023 இல் இவர்களுக்கெனத் தனிச்சட்டம் இயற்றிற்று. காப்பீடும் நல நிதியும் நன்று. ஆனால் நண்பகல் ஒரு மணிக்கு அவர் எத்தெருவில் நிற்பார் என்பதை முடிவு செய்வது வழி வகுக்கும் கணக்கு. அக்கணக்கில் என்ன எழுதப்படுகிறது என்பதையும் கேட்கும் காலம் வரவேண்டும்.

இல்லத்தார் செய்யத்தக்கது

இது பெரிய நிறுவனங்களின் கணக்கு. நம் இல்லத்துக்கு இதில் என்ன தொடர்பு என்று வாசகர் எண்ணலாகாது. அக்கணக்கின் ஒவ்வொரு வரியும் ஓர் இல்லத்திலிருந்தே தொடங்குகிறது.

பொருளைப் பன்னிரண்டு மணி முதல் பன்னிரண்டரைக்குள் கொண்டுவருக என்று நாம் கேட்கும்போது, நாம் இடுவது ஒரு குறுகிய நேர வரம்பு. அதே தெருவில் அடுத்த வீட்டார் மூன்று மணி என்று கேட்டால், ஒரே வண்டி ஒரே தெருவுக்கு இருமுறை வரும். மாலை நான்கு முதல் எட்டுக்குள் எப்போது வந்தாலும் சரி என்று சொல்வோமாயின், எறும்புக்குத் தேட இடம் கிடைக்கும், வழி குறுகும், வெயிலும் தணிந்திருக்கும். மருந்து போன்ற அவசரப் பொருள் வேறு. அலமாரிக்குரிய பொருளுக்கு ஏன் அவசரம்? ஒரே அடுக்குமாடியில் வாழ்வோர் கூடிப் பேசி ஒரே நாளில் பொருள்களை வரவழைப்பதும் நன்று. கிளார்க்கும் ரைட்டும் கண்ட மிச்சத்தை நாமே உண்டாக்குவது அது.

முகவரியைத் தெளிவாக எழுதுவதும் நம் கடமை. அருகில் உள்ள கோயிலையோ பள்ளியையோ அடையாளமாகக் குறித்தால், தெருவில் நின்று தொலைபேசியில் வழி கேட்கும் பத்து நிமிட வெயில் ஒருவருக்குக் குறையும். வந்தவருக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது. சேர வேண்டுவதும் இல்லை.

நம் இதழுக்கும் புது வழி வகுத்தோம். இம்முறை அளவுகோலை எடுக்குமுன் தொலைபேசியை எடுத்தோம். எந்நேரத்தில் வந்தால் உங்களுக்கு வசதி என்று இருபத்திரண்டு இல்லத்தாரையும் கேட்டோம். பதினேழு இல்லத்தார், விடியற்காலையிலேயே எழுந்துவிடுகிறோம், எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றனர். பத்து மணிக்கு முன் செல்லலாகாது என்னும் வரம்பை அவர்கள் இட்டதே இல்லை. நாமாகவே எண்ணி, நாமாகவே இட்டு, ஒருவரை நோயில் வீழ்த்திவிட்டோம்.

இப்போது இருவர் காலை ஆறரை மணிக்கு இரு திசைகளிற் புறப்படுகின்றனர். ஒருவர் மாரேட்பள்ளியிலிருந்து மல்காஜ்கிரி நோக்கியும், மற்றவர் பத்மாராவ் நகரிலிருந்து தார்நாகா நோக்கியும் செல்கின்றனர். நடுவில் ஓர் உறுப்பினர் இல்லத்தில் இருவரும் கூடிக் காப்பி அருந்தி, எத்தெரு மூடியிருந்தது, எவ்வில்லத்தில் யாருக்கு உடல்நலமில்லை என்று செய்தி பகிர்ந்துகொள்கின்றனர். ஒன்பது மணிக்குள் பணி முடிந்துவிடுகிறது. முன்னையினும் மொத்தத் தூரம் ஆறு கிலோமீட்டர் கூடுதல். அவ்வாறு கிலோமீட்டரைச் சங்கத்தின் செலவுக் கணக்கில் மனமுவந்து எழுதிக்கொண்டோம்.

சென்ற ஆண்டு வெயிலில் வாடிய அத்தம்பிதான் இருவருள் ஒருவர். இவ்விதழ் உங்கள் கைக்கு வரும் காலையில் அவரைக் கண்டால், இரண்டு நிமிடம் உள்ளே அழைத்து அமரச் செய்யுங்கள். அதற்கும் நேரம் ஒதுக்கியே வழி வகுத்திருக்கிறோம்.